சிலையும் பதினொரு இனாம் ஹிட்டும்

மே 7, 1957. செவ்வாய்

மதியம் வரை தூறல். பேஸ்பால் ஆட்டம் நடக்காது என்று நினைத்து உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றிவிட்டேன். நாலு மணிக்கு வெயில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு மைதானத்துக்கு ஓட்டம். நான் ஸ்கோர் பெட்டிக்குள் ஏறி உட்காரவும் முதல் பந்து விழவும் சரியாக இருந்தது.

எங்கள் ஊர் அணி பெல்டன் காக்கைகள் 4, வந்த வெளியூர்க்காரர்கள் 6. தோல்வி.

ஏழாவது இன்னிங்ஸில் ரெட் கானவே அடித்த பந்து தரையோடு உருண்டு, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே தடுக்க நிற்கிற ஷார்ட்ஸ்டாப்பின் கால் இடுக்கில் நேரே புகுந்து போனது. என் பூனைகூட அதைப் பிடித்திருக்கும். அது ஹிட்டரின் கெட்டிக்காரத்தனமா, தடுப்பவன் கோட்டை விட்டதா, ஹிட்டா எரரா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். முதல் தளத்தில் நின்றுகொண்டு ரெட் தொப்பியின் நுனியைத் தொட்டு என் பெட்டியை நிமிர்ந்து பார்த்தான். சேற்றில் பந்து வழுக்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஹிட் என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி க்ளேட்டன் ஆரம்பித்தான். பால் வண்டி ஓட்டுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவனுக்கு மூன்றாம் தளத்துக்குப் பின்னால் இருக்கிற பெஞ்சுதான் வீடு.

"அக்கா, உன் ராசாவுக்கு இன்னிக்கும் ஒண்ணு இனாமாமே?"

"பந்து வழுக்கிச்சுடா."

"ஆமா ஆமா. அவன் அடிச்சா மட்டும் பந்து வழுக்கும்."

சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவன் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

மே 8, புதன்

ஆட்டம் இல்லை. நான் வேலை பார்க்கிற விதைக் கம்பெனியில் 1,400 சோளம் எண்ணினேன். முளைத்தது 1,316.

மே 12, ஞாயிறு

இன்றைக்கு ஒரு விஷயம் உறுத்தியது. எழுதி வைக்கிறேன்.

நம்மிடம் ஏமோஸ் டில்மன் என்று ஒருவன் இருக்கிறான். மிசௌரிக்காரன், இருபத்தாறு வயது, பருத்த உடம்பு, இடது கை ஆட்டம். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அசையாமல் நிற்பான். அடிக்கிற எல்லைக்கு வெளியே போகிற கெட்ட பந்து வந்தால் தொடவே மாட்டான். ஜனங்கள் அவனுக்கு வைத்த பெயர் சிலை. "ஏய் சிலை, தோள்ல காக்கா உக்காரப் போவுது, மட்டையைத் தூக்குடா!" க்ளேட்டனின் குரல் அதில் தனியாகக் கேட்கும்.

பிட்சர் நாலு கெட்ட பந்து போட்டால், நிற்கிறவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்தே போகலாம். இன்று ஏமோஸ் மூன்று தடவை அப்படி நடந்தான். மூன்று தடவையும் பின்னால் அடிக்க வந்தவர்கள் அவனைத் தளங்களைச் சுற்ற வைத்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்று ரன். மூன்றே ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து, ஹிட்டை நின்ற தடவைகளால் வகுத்துச் சராசரி போடும்போது, வழக்கம்போல நடைகளை விட்டுவிட்டேன். நடை கணக்கில் வராது. அது பிட்சரின் தப்பு, இவன் என்ன செய்தான் என்பது எல்லோருடைய நினைப்பும். ஆகவே இன்றைக்கு ஏமோஸ் டில்மன் செய்தது: இரண்டில் பூஜ்யம். சராசரி இறங்கிவிட்டது.

ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவனுக்குச் சராசரி இறங்குகிறது. இது என்ன கணக்கு? விதையைப் பார்க்கிறபோது மணி பளபளப்பாக இருக்கிறதா என்றா பார்க்கிறோம்? நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்றுதானே!

மே 15, புதன்

கம்பெனியின் கூட்டல் இயந்திரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சும்மாதான் இருக்கிறது. ஹாம் ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தட்டினேன். ஹிட்டையும் நடையையும் கூட்டி, நின்ற தடவைகளால் வகுத்தேன். "ஏறினது" என்று பெயர் வைத்தேன். நூறு தடவை போனால் எத்தனை தடவை தளம் ஏறினான்? முளைப்பு விகிதம், அவ்வளவுதான்.

ஏமோஸ் முதல் இடம்! இரண்டாவது ஆளுக்கும் அவனுக்கும் எட்டாத தூரம்.

ஆனால் தளத்தில் ஏறுவதே ஆட்டமாகிவிடுமா? நீண்டு அடிக்கிறவன் மற்றவர்களையும் தள்ளிக்கொண்டு போகிறானே? அதற்கு இடம் வேண்டாமா?

மே 21, செவ்வாய்

ஏறினதோடு நீண்ட அடிகளைக் கூட்டினேன். சரியில்லை. நடைக்கு அரை மதிப்பு கொடுத்தேன். இன்னும் மோசம். நடைக்கு முக்கால். சிரிப்புத்தான் வந்தது. சமையலில் உப்பு பார்க்கிற மாதிரி போட்டுப் பார்த்தால் எங்கே போய் முடியும்? எது சரி என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும்.

மே 22, புதன்

கிடைத்துவிட்டது! அளவுகோல் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

நான் ஸ்கோர் எழுத உட்கார்ந்து நாலு வருஷம். லீக்கில் ஆறு ஊர். வாராவாரம் தபாலில் வந்த தாள்கள் எல்லாம் ஷூ பெட்டிகளில் இருக்கின்றன. ஆறு நாலு இருபத்துநாலு. இருபத்துநாலு அணிகள், ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை ரன் எடுத்தது என்பதும் அதிலேயே இருக்கிறது. எந்தக் கணக்கு அந்த ரன்னுக்குக் கிட்டே போகிறதோ அது நல்ல கணக்கு. ரன்தானே அறுவடை.

முதலில் நம் சராசரியையே சோதித்தேன். லீக்கிலேயே அதிகச் சராசரி வைத்திருந்த அணி, ரன்னில் நாலாவது. அடுத்த வருஷமும் அதே கதை. இதை வைத்துக்கொண்டா இவ்வளவு காலம் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள்? இதை வைத்துக்கொண்டா நான் பக்கம் பக்கமாக எழுதினேன்?

மே 26, ஞாயிறு

கோவிலில் பாடும்போது தோன்றியது. பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதினேன். கர்த்தர் மன்னிப்பார்.

கூட்டக் கூடாது. பெருக்க வேண்டும்.

சோளத்தில் முளைப்பையும் விளைச்சலையும் யாராவது கூட்டுவார்களா? முளைக்காத விதைக்கு விளைச்சல் ஏது? அதேபோல, ஏறினவன் இருந்தால்தானே தள்ளுகிறவனுக்கு வேலை! ஹிட்டும் நடையும் சேர்ந்து "ஏறினது". ஒரு தள அடிக்கு ஒன்று, இரண்டு தள அடிக்கு இரண்டு, வேலி தாண்டினால் நாலு என்று "தள்ளினது". இரண்டையும் பெருக்கு. நின்ற தடவைகளால் வகு.

மத்தியானம் வறுத்த கோழியைக் க்ளேட்டனிடம் விட்டுவிட்டுக் கையால் போட்டுப் பார்த்தேன். போன வருஷத்துப் பெல்டன்: என் கணக்கு 570. உண்மையில் எடுத்தது 578.

அடுத்த அணி: 612. உண்மை 605. அடுத்தது. அடுத்தது. எங்கேயும் பெரிய பிசகில்லை.

சமையலறையில் தனியாக நின்று கைதட்டினேன். நாற்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை, ஏப்ரனோடு. க்ளேட்டன் கோழிக்காலும் கையுமாக எட்டிப் பார்த்து, "யாரு ஜெயிச்சா?" என்றான்.

"நான்" என்றேன்.

ஜூன் 5, புதன்

மெயின் தெருச் சாப்பாட்டுக் கடையில் ஏமோஸ் தனியாக உட்கார்ந்து ரூபார்ப் பை என்கிற இனிப்பு அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான். கிட்டப் போய் உட்கார்ந்தேன். எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

ஏன் அடிக்காமல் நிற்கிறாய் என்று கேட்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பான்.

"நிக்கணும்னு நிக்கலை மேடம். கெட்ட பந்து. கெட்ட பந்தை எதுக்கு அடிக்கணும்?" பையை ஒரு வாய் தின்றான். "மேனேஜர் சொல்லிட்டாரு. பதினஞ்சாம் தேதி ஆளைக் குறைக்கணுமாம். என் பேரு பட்டியல்ல இருக்காம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மாமனாரோட செங்கல் சூளைதான். பொண்டாட்டி மாசமா இருக்கா. இந்த வருஷம் ஆகலேன்னா பேஸ்பால விட்டுடறேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அவன் பத்து வயதிலிருந்து விளையாடுகிறானாம். தட்டில் மிச்சம் இருந்த பையைத் தள்ளி வைத்துவிட்டான்.

பதினைந்தாம் தேதி. பத்து நாள் இருக்கிறது. என்னிடம் கணக்கு இருக்கிறது. அவனுக்கு அதைச் சொல்லவில்லை. முதலில் மேனேஜரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

அவசரக்குடுக்கை. அவசரக்குடுக்கை. அவசரக்குடுக்கை.

அணிகளுக்குச் சரியாக வந்த கணக்கை நம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போட்டேன். ஏமோஸ் மேலே வருவான் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். கடைசி வரிசையை மைதானத்துக்கு நடந்துகொண்டே கூட்டினேன். அங்கேயே நின்று பார்த்திருக்கக் கூடாதா? நேரே மேனேஜர் ஹார்லன் ஸ்டூபெக்கின் அறைக்குப் போய்த் தாளை மேசைமேல் விரித்துவிட்டேன்.

ஸ்டூபெக் நல்ல மனிதர்தான். இருபது வருஷம் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சராக இருந்து வலது கை விரல்கள் நாலும் நாலு திசையில் பார்க்கும். அந்த விரலில் ஒன்றைத் தாளின் மேல் வைத்தார்.

"எட்னாம்மா, இந்தக் கடைசி வரிசைதானே முக்கியம்?"

"ஆமா. ஆளுக்கு எத்தனை ரன் சம்பாதிச்சுக் குடுத்தாங்கன்னு."

"ரெட் கானவே, இருபத்தாறரை. டில்மன், இருபது." நிமிர்ந்து பார்த்தார். "இதைச் சொல்லவா வெயில்ல நடந்து வந்தீங்க? இது என் கண்ணுக்கே தெரியுமே! ரெட்டு ஆயிரத்துக்கு 331 அடிக்கிறான். அந்தச் சிலை 241. அவன் போயி புது பிட்சர் ஒருத்தன் வரான்."

"ஆனா ஏமோஸ் ரெண்டாவது இடத்துல…"

"எட்னாம்மா. நீங்க ஸ்கோர் எழுதுங்க. அழகா எழுதறீங்க."

வெளியே வந்தபோது முகம் எரிந்தது. இன்றைய ஆட்டத்தில் என்ன எழுதினேன் என்றுகூட நினைவில்லை.

ஜூன் 10, திங்கள்

கணக்கு தப்பா, ஆள் தப்பா? ஒருவேளை ஸ்டூபெக் சொல்வதுதான் சரியோ? நம் கணக்கே ரெட்டைத்தான் கை காட்டுகிறதே. அப்படியானால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

ஆனால் இருபத்துநாலு அணிகளுக்குப் பொய் சொல்லாத கணக்கு இது. விதையில் இப்படி முரண் வந்தால் என்ன செய்வேன்? வயலைப் பிரித்துப் பார்ப்பேன். மேட்டு வயலில் எவ்வளவு, பள்ளத்தில் எவ்வளவு என்று.

சாப்பாட்டு நேரத்தில் ரெட்டைப் பிரித்தேன். உள்ளூர் ஆட்டம் தனி, வெளியூர் ஆட்டம் தனி.

வெளியூரில் 236. உள்ளூரில் 425.

நானூற்று இருபத்தைந்தா! அப்படி அடிப்பவன் இந்தப் பூமியில் இல்லை. ஏமோஸுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மற்றவர்களுக்கும் அப்படித்தான். அதே மைதானம், அதே மேடுபள்ளம், அதே கல். ரெட்டுக்கு மட்டும் என்ன விசேஷம்?

வெளியூரில் ஹிட்டா எரரா என்று எழுதுவது அந்தந்த ஊர்க்காரர். உள்ளூரில்…

இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ரொட்டி தின்னவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

எண்ணிட்டேன்.

ஸ்கோர் புத்தகத்துல பந்து எங்க போச்சு, யாரு கையில பட்டுச்சு எல்லாம் என் கையெழுத்துல இருக்கு. என்கிட்டயே என்னால மறைக்க முடியாது. கால் இடுக்குல போனது. கையுறைக்குள்ள விழுந்து வெளிய குதிச்சது. ரெண்டு பேரும் நீ பிடி நீ பிடின்னு நின்னது. எல்லாம் ஹிட்டு. ரெட்டுக்கு மட்டும் பதினொண்ணு. ஏழு வாரத்துல பதினொண்ணு!

ஏமோஸுக்கு ஒன்றுகூட இல்லை. அதைவிடக் கேவலம், அவன் விர்ரென்று அடித்து, தடுப்பவன் கையையே திருப்பிவிட்ட இரண்டு பந்துகளுக்கு நான் எரர் போட்டிருக்கிறேன். ஏன் போட்டேன்? எல்லோரும் சிரித்தார்கள், நானும் அவனைச் சிலையாகவே பார்த்திருக்கிறேன்.

ரெட்டுக்கு ஏன் கொடுத்தேன் என்று கேட்டால் பதில் தெரியும். எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். அவன் தொப்பியைத் தொட்டு நிமிர்ந்து பார்ப்பான். இந்த ஊரில் அந்தப் பெட்டிக்குள் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்று நிமிர்ந்து பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். இருபத்திரண்டு வயசுப் பையன், மரியாதைக்குத் தொட்டிருக்கிறான். அதற்கு நான் கொடுத்த விலை பதினொரு ஹிட்.

திருத்திப் போட்டேன். சம்பாதித்துக் கொடுத்த ரன்: ரெட் 18. ஏமோஸ் 22. பழைய சராசரியே பார்த்தாலும் ரெட் 255, ஏமோஸ் 259.

ஆக, ஏமோஸை வெளியே அனுப்பப் போவது ஸ்டூபெக் இல்லை. என் பென்சில்.

க்ளேட்டனிடம் சொன்னேன். கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். பண்ணவில்லை.

"ஸ்டூபெக்குகிட்டச் சொன்னா பெட்டியில உக்கார விடுவாங்களா அக்கா?"

"விட மாட்டாங்க."

"சொல்லத்தான் போறியா?"

"சொல்லாம?"

"சிலைன்னு முதல்ல கத்துனது நான்தான்" என்றான்.

ஜூன் 12, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நல்ல உடையைப் போட்டுக்கொண்டு போனேன். வேலையை விட்டு நீக்கும்போது கசங்கின உடையில் இருக்கக் கூடாது. ஸ்டூபெக் மட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பெட்டிச் சாவியை முதலிலேயே மேசைமேல் வைத்துவிட்டேன்.

"என்ன இது?"

"போன தாள் தப்பு. கணக்கு தப்பில்லை, நான் எழுதினது தப்பு. ரெட்டோட ஹிட்டுல பதினொண்ணு நான் போட்ட இனாம். தேதி, இன்னிங்ஸ், எந்தப் பக்கம் போச்சு, எல்லாம் இதுல எழுதியிருக்கேன். இது சரியான தாள். ஏமோஸ்தான் இந்த அணியில நம்பர் ஒண்ணு. அவரை அனுப்பினீங்கன்னா என் பொய்யை நம்பி அனுப்பினதா ஆயிடும்."

தாளைக் கையில் எடுத்தார். படித்தார். ரொம்ப நேரம். புகையிலையைக் கன்னத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினார்.

"மே ஏழு, ஏழாவது இன்னிங்ஸ். அந்தக் கால் இடுக்குப் பந்து" என்றார். "அது எனக்கே தெரியும். எல்லா ஊர்லயும் உள்ளூர்ப் பையனுக்கு ரெண்டொண்ணு போடுவாங்க. அது வழக்கம்தான். ஆனா பதினொண்ணுன்னு நினைக்கலை."

"நானும் நினைக்கலை."

"முப்பது வருஷமா இந்த ஆட்டத்துல இருக்கேன். கணக்கோட வந்து நின்ன ஆளுங்க நிறைய. எல்லாவனும் தான் சரின்னு காட்டத்தான் கணக்கு போட்டுட்டு வருவான். தன் தப்பை எண்ணி எடுத்துட்டு வந்த ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." சாவியை என் பக்கம் தள்ளினார். "சாவியை எடுங்க. சரி, சொல்லுங்க. இந்த டில்மனை என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"முதல் ஆளா அனுப்புங்க. தினமும்."

"முதல் ஆளா? அந்தத் தொந்தியையா? முதல்ல போறவன் ஓடறவனா இருக்கணும்மா!"

"நடக்கறவனா இருந்தாலும் போதும்."

ஸ்டூபெக் சிரித்த சிரிப்பில் கூரைப் பலகை அதிர்ந்திருக்கும். மூன்றாவது கேட்சர் உழவுக்கு வீட்டுக்குப் போகணும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். அவனை அனுப்புவதாகச் சொன்னார். புது பிட்சர் வேண்டாம். ஏமோஸுக்கு ஜூலை நாலு வரை நேரம்.

படியிறங்கினேன். அழுதேன். நல்ல அழுகை.

ஜூன் 13, வியாழன்

முதல் ஆளாக ஏமோஸ் வந்தபோது கூட்டம் ஊளையிட்டது. ஐந்து தடவை நின்றான். மூன்று நடை, ஒரு இரண்டு தள அடி. 9–3. ஊளை நாலாவது இன்னிங்ஸோடு நின்றுவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

பதினொரு ஆட்டத்தில் ஒன்பது வெற்றி.

ஜூலை 4, வியாழன்

வாணவேடிக்கை, எலுமிச்சைச் சாறு, இரண்டு ஆட்டம், இரண்டும் நமக்கு. ஏமோஸ் முதலில் இறங்குவதற்கு முன் ஆட்டத்துக்கு 4.3 ரன். முதல் ஆளாக அவன் போகத் தொடங்கியபின் 5.7. இருபத்தைந்து ஆட்டமாகிவிட்டது; தற்செயல் என்று சொல்ல முடியாது. கெடு இன்றோடு முடிந்தது. ஸ்டூபெக் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு வீரர்கள் பெயர் எழுதின அட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார்: முதல் பெயர் டில்மன்.

ஜூலை 17, புதன்

ரெட் பெட்டிக்கு ஏறி வந்தான். நாலு வருஷத்தில் யாரும் ஏறி வந்ததில்லை. பென்சில் கீழே விழுந்துவிட்டது.

"மேடம், பெஞ்சுல பேசிக்கறாங்க. எனக்கு நீங்க இனாமா எழுதினீங்கன்னு. நெசமா?"

"நெசம்."

"நெசத்துல எவ்ளோ அடிக்கிறேன்?"

"அப்போ 255. இப்போ கொஞ்சம் ஏறியிருக்கு."

காதுவரை சிவந்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"வெளியூர் போனா மட்டும் கை வரலையேன்னு ராவெல்லாம் யோசிச்சேன். கண்ணுல கோளாறுன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனேன். எங்கயும் ஒரே மாதிரிதான் அடிச்சிருக்கேனா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதானே நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

"டில்மன் எப்படி மேடம் நிக்கறான்? கை துடிக்காதா அவனுக்கு?"

"அவர்கிட்டயே கேளு."

படியில் பாதி இறங்கியவன் திரும்பினான். "இனிமே உள்ளதையே எழுதிடுங்க."

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பயிற்சி நேரத்தில் ஏமோஸும் ரெட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பந்தை அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கெட்டது." "நல்லது." "கெட்டது." மாறி மாறி உரக்கச் சொல்லிக்கொண்டு. ஸ்டூபெக் தலையில் கைவைத்துக்கொண்டு, "ஒரு சிலை பத்தாதுன்னு ரெண்டாவதையும் செதுக்கறாங்கடா" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஏமோஸுக்குப் பெண் குழந்தை. மிசௌரியிலிருந்து தந்தி. இரண்டாவது இடத்தில் இருக்கிறோம், முதல் இடத்து ஹார்ட்வெல்லுக்கு ஒன்றரை ஆட்டம் பின்னால்.

செப்டம்பர் 2, திங்கள். தொழிலாளர் தினம்

இந்தப் பக்கத்தில் கையெழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசி நாள். நாமும் ஹார்ட்வெல்லும் சமம். இன்று ஜெயிப்பவருக்குக் கோப்பை. ஊரே வந்திருந்தது, வேலிமேல் பிள்ளைகள், வேலிக்கு வெளியே டிராக்டர்மேல் பெரியவர்கள்.

கடைசி இன்னிங்ஸ். 5–5. இரண்டு அவுட். மூன்று தளத்திலும் ஆள். வரிசைப்படி அடுத்த ஆள்: ஏமோஸ் டில்மன்.

முதல் பந்து நல்லது. பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவதும் நல்லது, அடித்தான், பக்கவாட்டில் போனது. இன்னும் ஒன்று நல்லதாக விழுந்து அவன் விட்டால் முடிந்தது. பிறகு ஒரு கெட்டது. இன்னொன்று. இன்னொன்று. மூன்று கெட்டது, இரண்டு நல்லது. அடுத்த பந்தில் எல்லாம் தீர்ந்துவிடும்.

மே மாதத்தில் இதே கூட்டம் அடிடா அடிடா என்று கத்தியிருக்கும். இன்றைக்கு மூன்றாம் தளத்துப் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும்பியது. என் தம்பி குரல். "நில்லு சிலை! நில்லு!" பக்கத்துப் பெஞ்சு எடுத்துக்கொண்டது. அப்புறம் எதிர்ப்பக்கம். ஆயிரத்தைந்நூறு பேர் ஒரு மனிதனைப் பார்த்து அசையாதே என்று கத்துவதை எங்கேயாவது கேட்டதுண்டா? நானும் கத்தினேன். ஸ்கோர் எழுதுகிறவள் கத்தக் கூடாது. கத்தினேன்.

பந்து வந்தது. தாழ்வாக. ரொம்பவும் இல்லை, ஓர் அங்குலம். ஏமோஸின் தோள் அசையவில்லை.

நடுவர் கையைத் தூக்கவில்லை. கெட்டது! நாலாவது! நடை! ஏமோஸ் மட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு முதல் தளத்துக்கு நடந்தான். அவனுக்கு இடம் விட எல்லோரும் ஒவ்வொரு தளம் நகர, மூன்றாவது தளத்தில் இருந்தவன் வீடு வந்து சேர்ந்தான். 6–5.

அடுத்து அடிக்கக் காத்திருந்த ரெட்தான் முதலில் ஓடிப்போய் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவர்கள்மேல் மற்றவர்கள். ஸ்டூபெக் தொப்பியைக் கழற்றிப் பெட்டிப் பக்கம் வீசினார். பாதி தூரம் வந்தது.

சராசரிக் கணக்குப்படி பார்த்தால் அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை. கோப்பையை ஜெயித்துக் கொடுத்த அந்த நிற்றலுக்குப் பழைய தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. என் தாளில் இருக்கிறது. நான்தான் போட்டேன். நான் ஜெயித்தேன். நாங்கள் எல்லோரும் ஜெயித்தோம், சரி, ஆனால் நானும் ஜெயித்தேன் என்பதை எழுதாமல் விட மாட்டேன்.

க்ளேட்டனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சைகையில்தான் சாப்பாடு கேட்டான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஸ்டூபெக் விதைக் கம்பெனிக்கே வந்தார், சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு. லீக்கில் மற்ற ஐந்து ஊர் ஆட்டக்காரர்களின் கணக்கும் வேண்டுமாம். "எவனுக்கு ஊர்க்காரங்க இனாம் போடறாங்க, எவனுக்குக் கண்டுக்காம விடறாங்க, அதையும் சேர்த்துக் குடுங்க. அங்க ஏதாவது சிலை நின்னா அள்ளிட்டு வரலாம்."

கூட்டல் இயந்திரத்தை அவருக்குக் காட்டினேன். அந்தக் கோணல் விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

ஜனவரி 14, 1958. செவ்வாய்

பனி. ஐந்து ஊரில் மூன்று முடிந்தது. மேலே இருக்கிற பெரிய லீக் அணி ஒன்று ஏமோஸை எடுத்துக்கொண்டுவிட்டதாகக் கடிதம். செங்கல் சூளை இல்லை! க்ளேட்டனும் நானும் ஆப்பிள் பையை முழுசாகத் தின்று தீர்த்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். காலையில் ஏமோஸிடமிருந்து அஞ்சலட்டை. "மேடம், இங்கயும் அடிடா அடிடான்னு கத்தறாங்க. நான் நிக்கறேன்." பெட்டிச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன்.

ரெட் இன்று இரண்டு நடை, வேலியில் போய் இடித்த ஓர் அடி. எட்டாவது இன்னிங்ஸில் அவன் அடித்த பந்து தரையோடு உருண்டு, ஷார்ட்ஸ்டாப்பின் கால் இடுக்கில் புகுந்து போனது. மைதானம் காய்ந்துதான் இருந்தது. எரர் என்று எழுதினேன். இந்த வருஷம் பென்சில் கிடையாது, மை.

ஒலிபெருக்கியில் சொன்னதும் உள்ளூர் ஜனம் என் பெட்டியைப் பார்த்து ஊளையிட்டது. க்ளேட்டனும்தான், வேண்டுமென்றே.

ரெட் முதல் தளத்தில் நின்றுகொண்டு கால்சட்டை மண்ணைத் தட்டினான். பிறகு நிமிர்ந்து என் பெட்டியைப் பார்த்தான். தொப்பியைத் தொட்டான்.